கடலடிக் கம்பியும் வீட்டுக் கம்பியும்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் துறைமுகத்தில் தொடங்கித் துறைமுகத்திலேயே முடித்துவிடுவர். கோட்டை கட்டியவர் யார், பிடித்தவர் யார், விட்டுப்போனவர் யார் என்னும் வரிசை எமது பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடமாகிவிட்டது. அவ்வரிசையை மீண்டும் ஒப்புவிக்க நாம் எண்ணவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. இன்று எம்மவர் வீடுகள் சிலவற்றில் சுவரோரமாக ஓடுவதும், பல வீடுகளில் ஓடவேண்டிய இடத்தில் ஓடாதிருப்பதுமான வலையமைப்புக் கம்பியே அது. இணையத்தைக் கொண்டுவரும் பெட்டியிலிருந்து கணினிக்குச் செல்லும் அந்தச் சாம்பல் நிறக் கம்பிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தை அறியாமல் வீட்டில் கம்பி இழுப்போர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியிலும் தெருக்கம்பத்திலும் நேர்ந்த பிழைகளையே மறுபடி செய்கின்றனர் என்பது எமது கட்சி.

செய்தி கம்பியில் ஓடாத காலம் எப்படியிருந்தது என்பதற்கு எமது துறைமுகமே சாட்சி சொல்லும். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் இதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். மறு ஆண்டு யூன் மாதம், கடலூரை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர் எனக் கேள்வியுற்றுச் சுஃப்ரென் இங்கிருந்து பாய்விரித்துச் சென்றார். யூன் 20ஆம் திகதி கடலூருக்கு அப்பால் இரு கடற்படைகளும் பொருதின. இரு பக்கத்திலும் பலர் மாண்டனர். ஆயின் ஐரோப்பாவிலோ, அவ்விரு அரசுகளும் சனவரி 20ஆம் திகதியே பூர்வாங்க சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டுவிட்டன. சரியாக ஐந்து மாதங்களுக்கு முன் முடிந்துபோன போரிலே எமது கடலில் மனிதர் செத்தனர். சமாதானச் செய்தியைச் சுமந்த கப்பல் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. செய்தியின் வேகம் வெறும் வசதிக்குரிய காரியம் எனச் சொல்பவர்கள் இதனை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அதன் பின்னரும் அறுபது எழுபது ஆண்டுகள் இந்நிலையே நீடித்தது. 1850களில் ஐரோப்பியத் தபாற்கப்பல்கள் காலித் துறைமுகத்துக்கே வந்தன. கொழும்பில் வெளியான 'ஒப்சேர்வர்' பத்திரிகை காலியிலிருந்து செய்திகளைப் புறாக்களின் காலிற் கட்டி வரவழைத்தது. கிரைமியப் போரின் செய்திகள் இலங்கையருக்குப் புறா கொண்டுவந்தவையே. 1858ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி காலிக்கும் கொழும்புக்கும் இடையில் தந்திக் கம்பி திறக்கப்பட்டதும் புறாக்கள் ஓய்வு பெற்றன. அதே ஆண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடலடிக் கம்பியும் இடப்பட்டது.

இந்தியத் தந்தியின் பிதா எனத்தக்கவர் ஒரு வைத்தியர். வில்லியம் ஓஷோக்னசி என்னும் பெயருடைய அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்தார். 1839இல், மேலைநாடுகளிலேயே தந்தி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், கல்கத்தாத் தாவரப் பூங்காவில் கம்பி கட்டி அவர் பரிசோதனை செய்தார். கம்பியை ஊக்லி நதியின் அடியிற் கொண்டுசெல்லவும் துணிந்தார். தண்ணீரில் மின்சாரம் கசிந்துவிடாமல் தடுக்க அவருக்குக் கிடைத்த பொருள் யாது? பிளந்த பிரம்பும் தார் பூசிய நூலுமே! 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹாபருக்கும் இடையே முதலாவது தந்திப் பாதை அமைந்தது. ஐரோப்பாவிற் பயன்பட்ட மெல்லிய கம்பி இந்நாட்டுக்கு ஆகாது எனக் கண்டு அவர் தடித்த இரும்புக் கோல்களையே கம்பமேற்றினார். குரங்குகள் தொங்கினாலும் பெரும் பறவைகள் கூட்டமாய் அமர்ந்தாலும் அவை தாங்கின. இடத்தைப் பார்த்துக் கம்பியைத் தெரிவுசெய்த இவ்வைத்தியரின் புத்தி இன்றைய விற்பனையாளர் பலருக்கு இல்லை என்பதைப் பின்னர் காண்போம்.

ஆழ்கடலுக்குப் பிரம்பு போதாது. அதற்கு உதவியது மலாய் நாட்டு மரமொன்றின் பால். கட்டாப்பேர்ச்சா என்னும் அப்பாலை மலாய் மக்கள் வெந்நீரில் இளக்கிக் கத்திப்பிடி செய்து வந்தனர். சிங்கப்பூரில் வைத்தியராயிருந்த மொன்ற்கோமரி அதன் மாதிரியை 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். (இச்சரித்திரத்தில் வைத்தியர் தொகை மிகுதிதான்!) இறப்பரைப் போலக் கடல்நீரில் கெட்டுப்போகாமலும், மின்சாரத்தைக் கசியவிடாமலும் அது நின்றது. அப்பாலுக்காக மலாயாவிலும் சுமாத்திராவிலும் போர்னியோவிலும் மரங்கள் காடுகாடாய் வெட்டி வீழ்த்தப்பட்டன. இரு கண்டங்கள் பேசிக்கொள்வதற்கு மூன்றாவது இடத்தின் காடு விலையாயிற்று. 1933இல் இங்கிலாந்தில் பொலித்தீன் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அம்மரங்களுக்கு விடுதலை கிடைத்தது. இன்று எமது வீட்டுக் கம்பியினுள் ஒவ்வொரு செப்பிழையையும் போர்த்தியிருப்பதும் அந்தப் பொலித்தீனே.

1858ஆம் ஆண்டிலேயே அத்திலாந்திக் சமுத்திரத்தின் குறுக்கே முதற் கம்பி போடப்பட்டது. விக்ரோறியா மகாராணியாரின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்து அமெரிக்கா போய்ச் சேர 16 மணிநேரம் பிடித்தது. செய்தி மெதுவாய்ப் போவதைக் கண்ட மின்பொறுப்பாளர் வைற்ஹவுஸ் (இவரும் வைத்தியரே) ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தைக் கம்பியில் ஏற்றினார். மூன்று வாரங்களில் கம்பி செத்தது. பேராசிரியர் வில்லியம் தொம்சன், பின்னாளிற் கெல்வின் பிரபு ஆனவர், முன்னமே வேறு வழி சொல்லியிருந்தார். கம்பியைத் தூய செப்பாக்குக, தடிப்பாக்குக, காவலியை நன்றாக்குக, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காணவல்ல கருவியை வைத்துக்கொள்க என்பது அவர் கூற்று. அவ்வழியே நடந்து 1866இல் அத்திலாந்திக் கம்பி நிலைபெற்றது. 1870இல் 'கிரேட் ஈஸ்ரேண்' என்னும் மாபெருங் கப்பல் பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையிற் கம்பி இட்டது. அவ்வாண்டிலேயே சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கம்பி சென்றது. வங்காள விரிகுடாவில் எமக்கு வடக்கே அது கிடந்தது. உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகம் என ஆங்கிலேயர் புகழ்ந்த எமது ஊர் அப்பெருவழியின் ஓரத்திலே நின்று பார்த்தது.

கம்பியின் செம்பு கெட்டால் அழுத்தத்தை ஏற்றிப் பயனில்லை என்னும் தொம்சனின் பாடத்தை வாசகர் நினைவில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

நிற்க. தந்தியை அடுத்து வந்தது தொலைபேசி. தந்திக்கு ஒற்றைக் கம்பி போதும். திரும்பும் வழிக்கு நிலத்தையே பயன்படுத்தினர். முதற் தொலைபேசிகளையும் அவ்வாறே அமைத்தனர். தந்தியின் 'டக் டக்' ஓசைக்கு அது போதியதாயிருந்தது. மனிதக் குரலுக்கோ போதவில்லை. பக்கத்துக் கம்பியின் பேச்சு இக்கம்பியிற் கேட்டது. மின்னல் வெட்டினால் காது அதிர்ந்தது. நகரங்களில் மின்சார ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியதும் அதன் இரைச்சல் முழுவதும் தொலைபேசிக்குள் வந்து புகுந்தது. ஒரு கம்பியில் மாறும் மின்னோட்டம் அருகிலுள்ள கம்பியிலும் மின்னோட்டத்தைத் தூண்டும் என்பது பரடேயின் விதி. விஞ்ஞான வகுப்பில் நாம் கல்வனோமானியின் முள் ஆடுவதைப் பார்த்து வியந்த அதே விதிதான் தொலைபேசிக்காரரின் தலைவலியாயிற்று.

மருந்து கண்டவர் தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லே. 1881ஆம் ஆண்டு யூலையில் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம் இது: ஒற்றைக் கம்பியையும் நிலத்தையும் விட்டு இரண்டு கம்பிகளைக் கொள்க; அவற்றை ஒன்றோடொன்று முறுக்குக. முறுக்கிய சோடியில் இரு கம்பிகளும் மாறிமாறி இரைச்சலுக்கு அண்மையில் வருகின்றன. ஆகவே வெளியிலிருந்து புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவாய் ஏறுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டிற்கும் இடைப்பட்ட வித்தியாசத்தை மட்டும் கேட்கிறது. ஒரே அளவாய் ஏறியது கழிந்துபோக, செய்தி மட்டும் மிஞ்சுகிறது. எமது வீட்டுக் கம்பியின் மேலுறையைச் சீவிப் பார்ப்பவர் உள்ளே எட்டு இழைகள், செம்மஞ்சள், பச்சை, நீலம், கபிலம் என நான்கு சோடிகளாய் முறுக்கப்பட்டிருப்பதைக் காண்பர். சோடிக்குச் சோடி முறுக்கின் நெருக்கம் வேறுபடும். நான்கும் ஒரே முறுக்காயிருந்தால் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் ஏறிவிடும் என்பதற்காகவே அவ்வாறு செய்துள்ளனர். இத்துணை எளிதான ஒரு கண்டுபிடிப்பு நூற்றுநாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் மாற்றமின்றி நிற்பது எமக்குப் பெருவியப்பைத் தருகிறது.

இந்தத் தூண்டல் விதியைப் போர்க்காரரும் விட்டுவைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் தம் கடற்படைத் துறைமுகங்களின் வாயிலில் கடலடியே பெருங் கம்பி வளையங்களை இட்டுவைத்தனர். நீர்மூழ்கியின் இரும்புடல் மேலே கடந்தால் வளையத்தில் சிறு மின்னோட்டம் பிறக்கும். கரையிலுள்ள கருவியின் முள் அசையும். 1942ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு சிட்னித் துறைமுகத்துள் யப்பானியக் குறு நீர்மூழ்கிகள் நுழைந்தபோது கம்பி தன் கடமையைச் செய்தது. முள் கோடு கிழித்தது. பார்த்தவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கம்பியில்லாத் தந்தியை இகழ்வது எமது நோக்கமன்று. சிட்னிச் சம்பவத்துக்கு இரு மாதங்கள் முன்னர், 1942 ஏப்பிரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சோல், யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அச்செய்தி இல்லாவிடில் மறுநாள் கொழும்பு உறக்கத்திலேயே தாக்கப்பட்டிருக்கும். ஏப்பிரல் 9ஆம் திகதி திருகோணமலை குண்டு வீச்சுக்கு உள்ளானது. துறைமுகத்தை விட்டு முன்னரே வெளியேற்றப்பட்ட 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. கடலில் ஓடுவதற்கும் வானிற் பறப்பதற்கும் வானொலியன்றி வேறு வழியில்லை. எமது வினா வேறு: ஒரே இடத்தில் நிற்கும் பொருளுக்கும், ஒரே மேசையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கும் வானொலி எதற்கு?

கம்பி எவருக்காக வந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். 1947ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கையும் பிரித்தானியாவும் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையைப் படித்தால், கடற்படை விமானப்படைத் தளங்களோடு தொலைத்தொடர்பு வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையும் அதிற் பேசப்படுகிறது. சுதந்திரம் தரும் வேளையிலும் அவர்கள் கம்பியை மறக்கவில்லை! 1957 ஒக்ரோபரில் திருகோணமலைத் தளம் எம்மிடம் கையளிக்கப்பட்டது. தளம் வந்ததே தவிர, ஊர் மக்களின் வீடுகளுக்குத் தொலைபேசி வந்துவிடவில்லை. இந்நாட்டில் வீட்டுத் தொலைபேசிக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருப்பது வழக்கமாயிருந்தது. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கின் பல பகுதிகளிலே இருந்த கம்பியும் அறுந்தது. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் ஸ்ரீ லங்கா ரெலிகொம் ஆயிற்று. 1995இல் கொழும்பிலே இணையச் சேவை வணிக முறையில் தொடங்கிற்று. எம்மூர் வீடுகளுக்கு அது பரவலாய் வந்த காலத்தில் கைத்தொலைபேசியும் கூடவே வந்துவிட்டது. ஆகவே எம்மவரிற் பெரும்பாலோர் வீட்டுக்குள் கம்பி என்னும் படியை மிதியாமலே அடுத்த படிக்குத் தாவினர்.

அந்தப் படி எப்படி உண்டானது என்பது சுவையான கதை. அது தீவுகளிலேதான் பிறந்தது. ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகள் தோறும் சிதறியிருந்த கிளைகளை ஒரே கணினியோடு இணைக்க விரும்பியது. பேராசிரியர் ஏப்ரம்சன் 1971இல் வானொலி மூலம் அதனைச் செய்தார். 'அலோகா' வலையமைப்பு எனப் பெயர். எல்லாரும் ஒரே அலைவரிசையிற் பேசுவர். இருவர் ஒருங்கே பேசினால் இரு செய்தியும் கெடும். கெட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி சொல்வர். இம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் 18 வீதத்துக்குமேல் பயனுக்கு வராது எனக் கணித்தனர். கலிபோர்னியாவில் சிறொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலிருந்த ரொபேட் மெற்காஃப் இதனைப் படித்தார். மற்றவர் பேசுகின்றாரா எனக் கேட்டுவிட்டுப் பேசினால் என்ன? வானத்துக்குப் பதிலாக ஒரு கம்பியையே பொதுவெளியாக்கினால் என்ன? 1973ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி அவர் எழுதிய குறிப்பிலே அதற்கு 'ஈதர்நெற்' எனப் பெயரிட்டார். ஒளியைச் சுமக்கிறது என்று முன்னோர் நம்பிய ஈதர் என்னும் பொருள் 1887இல் மைக்கல்சன், மோர்லி என்போரின் பரிசோதனையோடு ஆட்டங்கண்டது. இறந்துபோன அப்பெயர் கம்பியிலே மறுபிறப்பெடுத்தது.

தொடக்கத்தில் விரல் தடிப்பான ஒற்றைக் கம்பியில் யாவரும் தொங்கினர். 1990இல் முறுக்கிய சோடிக் கம்பியில் ஈதர்நெற் ஓடும் நியமம் வந்தது. அதாவது, கிரகாம் பெல்லின் தொலைபேசிக் கம்பியிலே கணினி பேசத் தொடங்கிற்று. 1999இல் நான்கு சோடிகளிலும் செக்கனுக்கு 100 கோடி பிற்று செல்லும் நியமமும் வந்தது. இப்போது ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி. நடுவில் 'சுவிச்' என்னும் பெட்டி. ஒரே நேரத்திற் பேசவும் கேட்கவும் இயலும். மோதல் இல்லை. வைஃபை என்பதோ அலோகாவின் பேரப்பிள்ளை. இன்றும் அது ஒருவர் பேச மற்றவர் காத்திருக்கும் கூட்டமே. எங்கும் வழங்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஒன்றையொன்று இடியாத வரிசைகள் மூன்றே உள. பத்து வீடுகள் நெருங்கிய ஒழுங்கையில் பத்துப் பெட்டிகள் இம்மூன்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. சந்தையில் நின்று இரகசியம் பேசுவது போலாகும் அது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது இதன் விலையை யாவரும் அறிந்தோம். தாயின் கைத்தொலைபேசி ஒன்றிலே மூன்று பிள்ளைகள் பாடம் கேட்டனர். அலை பிடிக்கக் கூரையிலும் மரத்திலும் ஏறிய மாணவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வீட்டுக்கு இணையம் வந்தும் பிள்ளையின் மேசைக்கு வராத வீடுகளும் இருந்தன.

அத்தகைய வீடொன்றில் கம்பி இழுக்க நாமும் இரு நண்பர்களும் ஒரு விடுமுறையில் போயிருந்தோம். உட்துறைமுகத்தை அண்டிய பழைய வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. ஏறத்தாழ இரண்டடித் தடிப்பான சுண்ணாம்புச் சுவர்கள். முன் விறாந்தையில் ரவுட்டர். பின்னறையில் பல்கலைக்கழகப் பாடம் கேட்கும் பேர்த்தி. இடையில் அத்தகைய சுவர் மூன்று. அலைக்கு அது கோட்டைமதில்.

"தம்பிமார், வயர் இல்லாமலே வேலை செய்யுமெண்டுதானே சொல்லிப் பெட்டியைத் தந்தவங்கள்?" என்றார் மாஸ்ரர்.

"வேலை செய்யும் மாஸ்ரர், சுவர் இல்லாட்டி" என்றான் நண்பன். மாஸ்ரர் சிரித்துவிட்டார்.

முன்னொருமுறை எவரோ ஒருவரைக் கொண்டு அங்கே கம்பி இழுத்துமிருந்தனர். அதைப் பிரித்துப் பார்த்தபோது நாம் மேலே சொன்ன சரித்திரம் முழுவதும் அதற்குள் இருந்தது. கம்பியானது 230 வோல்ற்று மின்கம்பிகளோடு ஒரே குழாயில் நெடுந்தூரம் ஓடியது. இரைச்சலைத் தூண்டுவது ஒருபுறமிருக்க, காவலி கிழிந்தால் உயிருக்கே ஆபத்தான வேலை அது. முனையில் செருகி பூட்டுமுன் முறுக்கை இரண்டு அங்குலத்துக்குமேல் பிரித்திருந்தனர். அரை அங்குலத்துக்குமேல் பிரிக்கலாகாது என்பது விதி. பிரித்த இடத்தில் பெல்லின் மருந்து வேலை செய்யாது. இழையைச் சவர அலகாற் சுரண்டினால் செந்நிறத்துக்குள் வெள்ளை தெரிந்தது. செப்புப் பூசிய அலுமினியம்! பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் வேறு கதை அச்சிட்டிருந்தது. அலுமினியம் செம்பினும் தடை மிக்கது. இரண்டு மூன்று முறை வளைத்தால் ஒடிந்துவிடும். கமரா முதலியவற்றுக்கு இதே கம்பி வழியாக மின்சாரமும் அனுப்புவோமாயின் சூடேறும். உப்புக் காற்று வீசும் எமது ஊரில், பூச்சுக் கிழிந்து இரு உலோகங்களும் ஈரத்தைக் காணும் இடத்தில் அரிப்பு விரைவாய் நடக்கும். தொம்சன் தூய செம்பு கேட்டது 1850களில். இன்றும் அதைக் கேட்டு வாங்கவேண்டியே இருக்கிறது. கம்பிக்கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். செம்பு கனக்கும், அலுமினியம் கனக்காது.

நாம் செய்த வேலையிற் பெருமை பாராட்ட எதுவுமில்லை. கேட் 6 என வழங்கும் முழுச் செப்புக் கம்பி வாங்கினோம். கூரை மட்டத்திலே தனிக் குழாயில் அதைக் கொண்டுசென்றோம். மின்கம்பியிலிருந்து ஒரு சாணாவது விலகி, கடக்கவேண்டிய இடத்தில் குறுக்காக மட்டும் கடந்தோம். குழாய் வைத்ததற்கு எலியும் அணிலுமே முதற் காரணம். ஓஷோக்னசிக்குக் குரங்கு, எமக்கு அணில். மூலைகளிற் கம்பியை மடிக்காமல் வளைத்தோம். முனையிலிருந்து முனைக்கு 100 மீற்றருக்கு மேற்படலாகாது என்பர். அங்கே 30 மீற்றரும் ஆகவில்லை. பின்வளவில் தனியாய் நின்ற அறைக்கு மட்டும் செப்புக் கம்பி இழுக்க நாம் இணங்கவில்லை. வாடைக்காற்றோடு பெருமழை தொடங்கும் ஐப்பசி கார்த்திகையில் எமது ஊரின் இடிமின்னலை அறிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். அண்மையில் மின்னல் விழுந்தால் இரு கட்டிடங்களின் நிலத்துக்குமிடையே பெரும் அழுத்த வேறுபாடு உண்டாகி, இரண்டையும் இணைக்கும் செம்பின் வழியே பாயும். இரு பக்கத்துக் கருவிகளும் கருகும். அவ்விடத்துக்கு மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையே தக்கது. பணம் சேர்ந்ததும் போடலாம் என்றார் மாஸ்ரர்.

கண்ணாடி இழையைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் செப்புக் கம்பியின் இடத்தை அது இப்போது பிடித்துவருகிறது. வேகத்தில் அதற்கு நிகரில்லை, மின்னலுக்கும் அஞ்சாது. ஆயினும் பழைய செப்புத் தொலைபேசி தனக்கு வேண்டிய மின்சாரத்தைப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்தே பெற்றது. ஊர் இருண்டாலும் மணி அடித்தது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகையால் வீட்டிலுள்ள பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். 2022ஆம் ஆண்டு நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு நேர்ந்தபோது இவ்வேறுபாட்டைப் பலர் உணர்ந்தனர். சிறு மின்கலம் ஒன்றைப் பெட்டிக்கு அருகே வைத்துக்கொள்வது புத்தி.

வேலை முடிந்த அன்று மாலை பேர்த்தி பின்னறையிலிருந்து பாடம் கேட்டாள். வகுப்பு முடியும்வரை குரல் அறவில்லை. மாஸ்ரர் தாம் பழைய தந்திச் சங்கேதத்தில் கொஞ்சம் அறிந்தவர் எனச் சொல்லி மேசையில் விரலாற் தட்டிக் காட்டினார். நாம் இரு முனைகளிலும் எந்தக் கம்பி எந்த அறைக்குரியது என எழுதி ஒட்டினோம். குழாயினுள்ளே நைலோன் கயிறொன்றையும் இழுத்துவிட்டு, அதன் நுனியை விறாந்தை வளையில் முடிந்துவைத்தோம். கண்ணாடி இழை வாங்கும் நாளில் அதில் கட்டித்தான் இழுக்கவேண்டும்.